ஆர்15-க்கும் கேடிஎம் ஆர்சி 390-க்கும் ரேஸ் ட்ராக்கில் என்ன டயர், எவ்வளவு ஏர்?

கேள்வி இதுதான்: ஒருவர் யமஹா ஆர்15 வைத்திருக்கிறார். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் சில ட்ராக் டே (போட்டியில்லாமல் ட்ராக்கில் ஓட்டிப் பழகும் நாள்) ஓட்டியாயிற்று. அடுத்த சீசனில் புதியவர்களுக்கான நோவிஸ் பிரிவில் இறங்க ஆசை. எந்த டயர் போடுவது, பின்னால் 150 மிமீ அகல டயர் ஏற்றலாமா, பெரிய பைக்காரர்கள் கழற்றிப்போடும் பழைய ஸ்லிக் (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா, ஏர் எவ்வளவு வைப்பது?

டயர் கடைக்குப் போகும் முன் நிகழ்ச்சியின் துணை விதிகளைப் படியுங்கள். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐயின் அங்கீகாரத்தோடு நடக்கும் ஒவ்வொரு போட்டிக்கும், ஒவ்வொரு பிரிவுக்கும் என்ன டயர் போடலாம் என்று தனியாக எழுதியிருப்பார்கள். எல்லோரும் ஒரே மாடல் வண்டியில் ஓடும் ஒன் மேக் போட்டிகளில் வண்டியும் டயரும் அமைப்பாளர் கொடுப்பதுதான். அங்கே நீங்கள் தேர்ந்தெடுக்க ஏரைத் தவிர ஒன்றுமில்லை. சொந்த வண்டியோடு ஓடும் பிரிவுகளிலும் குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட மாடல்தான் என்று கட்டுப்பாடு இருக்கலாம், ஸ்லிக் கூடாது என்று இருக்கலாம், ரேஸ் வாரத்துக்கு இத்தனை டயர்தான் என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆசைப்பட்டு ஒரு செட் வாங்கிவிட்டு, ஸ்க்ரூட்டினியில் (ரேஸுக்கு முந்தைய வண்டிப் பரிசோதனையில்) திருப்பி அனுப்பப்பட்டால் பணம் போனது போனதுதான். விதியில் ஒரே டயர் என்றால் இப்போதே அதை வாங்கிப் போட்டுப் பயிற்சி செய்யுங்கள். அதைவிட நல்ல டயரில் பழகிவிட்டு ரேஸ் அன்று மட்டும் மாற்றுவது, ப்ரேக் பாயிண்ட் எல்லாவற்றையும் புதிதாகக் கற்பதற்குச் சமம்.

விதி கைகளைக் கட்டவில்லை என்றால் மேலே படியுங்கள்.

டயர் தேர்வில் மற்ற எல்லாக் கணக்கும் ஒன்றுக்குள் அடங்கும்: உங்கள் வண்டியும் உங்கள் வேகமும் அந்த டயரை அது வேலை செய்யும் சூட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருக்க முடியுமா? ரப்பர் குளிர்ந்திருந்தால் விறைத்திருக்கும். தார்ப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்காது. அளவுக்கு மீறிச் சூடானால் இளகிக் கொழகொழத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வீச்சு இருக்கிறது. ரேஸ் காம்பவுண்டுகளுக்கு (ரப்பர் கலவைகளுக்கு) அது பொதுவாக 70, 80 டிகிரிக்கு மேல்தான் தொடங்கும். சாலை டயர் 30, 40 டிகிரியிலேயே ஓரளவு பிடிக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் ட்ராக்கில் தொடர்ந்து விரட்டினால் சீக்கிரம் உச்சத்தைத் தாண்டிவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் வளைகிற இடம் சுடும் அல்லவா, அதே கதைதான்: டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் அமுங்கி நிமிர்கிறது. ப்ரேக், ஆக்சிலரேஷன், சாய்வு மூன்றும் அந்த அமுக்கத்தைக் கூட்டுகின்றன. ஆகவே வண்டியின் எடை, குதிரைத்திறன், ஓட்டுபவரின் துணிவு ஆகியவைதான் அடுப்பு. ஆர்15 சுமார் 140 கிலோ, 18 குதிரைத்திறன். ஆர்சி 390 சுமார் 170 கிலோ, 43 குதிரைத்திறன். லிட்டர் பைக் (1000 சிசி) 200 கிலோவை ஒட்டி, 200 குதிரைத்திறனை ஒட்டி. லிட்டர் பைக்குக்காகச் செய்த ஸ்லிக்கின் பக்கச்சுவர், அந்த எடையும் அந்த இழுவையும் அமுக்கினால்தான் வளையும். ஆர்15 அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் அது வளையாது, சூடாகாது.

எனவே பழைய ஸ்லிக் பற்றிய கேள்விக்குப் பதில்: வேண்டாம். முதலில் அளவே பொருந்தாது. அவர்கள் கழற்றுவது முன்னால் 120/70, பின்னால் 180, 190, 200 அகலம். உங்கள் ரிம்மில் ஏறாது. பொருந்தும் அளவில் எங்காவது கிடைத்தாலும் இரண்டாவது சிக்கல் உண்டு. ரேஸ் ரப்பர் ஒவ்வொரு முறை முழுச் சூட்டுக்குப் போய் ஆறும்போதும் கொஞ்சம் இறுகுகிறது. கண்ணுக்கு இன்னும் நிறைய ரப்பர் இருப்பதுபோல் தெரியும். ஸ்லிக்கில் தேய்மானம் பார்ப்பதற்கான சிறு துளைகளில் ஆழமும் இருக்கும். ஆனால் பிடிப்பு போயிருக்கும். அதை ஒருவர் கழற்றினார் என்றால் காரணத்தோடுதான் கழற்றியிருப்பார். எடை குறைந்த ரேஸ் வண்டிகளுக்கென்றே ஒடுக்கமான, மெலிந்த கார்கஸ் (டயரின் உள்கூடு) கொண்ட ஸ்லிக்குகள் தனியாக உண்டு. அவை புதிதாகவும், டயர் வார்மரோடும் (டயரைச் சூடாக்கும் மின்போர்வை), ரேஸ் வேகத்தோடும் இருந்தால்தான் பயன்படும். நோவிஸ் ஓட்டுநரின் முதல் சீசனுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

அப்படியென்றால் எதை வாங்குவது? மூன்று படிகளாக யோசிக்கலாம். கீழே, வண்டியோடு வரும் டயர் அல்லது அதே தரத்தில் உள்ள சாலை டயர். நடுவே, ஸ்போர்ட் சாலை டயர்: மென்மையான காம்பவுண்ட், கூரான ப்ரொஃபைல் (குறுக்குவெட்டு வடிவம்), ஓரங்களில் பள்ளங்கள் குறைவு. பிரெல்லி டியாப்லோ ரோஸோ வரிசை, மதுரையில் தலைமையகம் உள்ள டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் ப்ரோடார்க் எக்ஸ்ட்ரீம் போன்றவை இந்த வகை. மேலே, சாலை அனுமதி முத்திரையோடு வரும் ரேஸ் டயர்: பிரெல்லி டியாப்லோ சூப்பர்கோர்ஸா எஸ்சி போல. பெயருக்கு நாலு பள்ளம் வெட்டியிருப்பார்கள், சாய்வில் தரையைத் தொடும் ஓரம் மொழுமொழுவென்று ஸ்லிக்தான்.

ஆர்15-இல் ட்ராக் டேயிலிருந்து நோவிஸ் ரேஸுக்குப் போகிறவருக்கு நடுப்படிதான் சரி. இரண்டாவது லேப்பிலேயே பிடிக்கத் தொடங்கும். வழுக்கும் முன் முன்கூட்டியே சொல்லும். பின் சக்கரம் மெல்ல நகர்வது கைக்கும் இடுப்புக்கும் தெரியும். ரேஸ் டயர் அதைவிட அதிகம் பிடிக்கும், ஆனால் சூடு போதவில்லையென்றால் எந்த அறிவிப்பும் இல்லாமல் விடும். வேகம் கூடக்கூட நடுப்படி டயர் ஏழெட்டு லேப்புக்குப் பிறகு கொழகொழக்கத் தொடங்குகிறதா, பின்சக்கரம் ஒவ்வொரு வளைவின் வெளிவாயிலிலும் நீந்துகிறதா, ஏரைச் சரிசெய்தும் அது போகவில்லையா. அப்போதுதான் மேல்படிக்குப் போகவேண்டும். ஆர்சி 390 அல்லது அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓட்டுகிறவர்களுக்கு இந்த நேரம் சீக்கிரமே வரும், ஏனென்றால் அந்த வண்டிகள் பின் டயருக்கு உண்மையிலேயே வேலை கொடுக்கின்றன. அவற்றின் 110/70, 150/60 அளவில் ரேஸ் டயரும் கிடைக்கிறது.

காம்பவுண்ட் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உலவுகிறது: சாஃப்ட் என்றால் வேகம், ஹார்டு என்றால் நீண்ட உழைப்பு. பாதி உண்மைதான். சூப்பர்கோர்ஸாவில் எஸ்சி0, எஸ்சி1, எஸ்சி2, எஸ்சி3 என்று வருகிறது. எண் கூடக்கூடக் கடினம். ஆனால் எஸ்சி0-வை நிறுவனம் எதற்காக வைத்திருக்கிறது என்று பாருங்கள்: வெயில் அடிக்கும், அதிகம் சொரசொரப்பில்லாத தளத்துக்கு. குளிர்ந்த தரையில் மென்மையான காம்பவுண்ட் போட்டால் மேற்பரப்பு மட்டும் கிழிந்து கிழிந்து வரும். சொரசொரப்பான தளத்தில் போட்டால் அரை ரேஸில் தீர்ந்துவிடும். நமது வெயிலில் தார்ப்பரப்பு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அது சாஃப்டுக்குச் சாதகம் போலத் தோன்றும். தளம் எவ்வளவு அரிக்கிறது, எத்தனை லேப் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். தெரியாதபோது நடுத்தரம் போடுங்கள். ஆறு, எட்டு லேப் ஓடும் நோவிஸ் ரேஸில் எல்லா லேப்பும் ஒரே மாதிரி பிடிக்கும் டயர், முதல் இரண்டு லேப் மட்டும் அபாரமாகப் பிடிக்கும் டயரைவிட நேரம் மிச்சப்படுத்தும்.

முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்கட்டும். இரண்டின் வளைவு ப்ரொஃபைலும் சேர்ந்து பொருந்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பின்னால் கூர்மையான டயரும் முன்னால் உருண்டையான டயரும் போட்டால், பின்பக்கம் விழத் துடிக்கும்போது முன்பக்கம் நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். அனுபவசாலிகள் வேண்டுமென்றே கலந்து போடுவதுண்டு. அவர்களுக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரியும்.

பின்னால் 150 ஏற்றுவது பற்றி

ஆர்15-இல் பின்னால் 140/70-17 வருகிறது. 150/60-17 ஏற்றினால் என்னவாகும் என்று கணக்கே சொல்லும். 140-இன் 70 சதவீதம் 98 மிமீ. அதுதான் பக்கச்சுவர் உயரம். 150-இன் 60 சதவீதம் 90 மிமீ. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மிமீ. மொத்த விட்டம் முதலாவதில் 627.8, இரண்டாவதில் 611.8. பதினாறு மில்லிமீட்டர் குறைகிறது. டயர் பெரிதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் சக்கரம் சிறிதாகிவிட்டது.

வண்டியின் வால்பக்கம் 8 மிமீ இறங்கும். ஃபோர்க் சாய்வு படுக்கும், வளைவுக்குள் திரும்புவது மந்தமாகும். கியரிங் இரண்டரை சதவீதம் குறுகும். பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 46 பல் என்றால், 47-க்குச் சற்று மேல் போட்டதற்குச் சமம். நேர்பாதையின் முடிவில் ரெவ் லிமிட்டரை (இன்ஜின் சுழற்சியின் உச்சவரம்பை) தொடுவீர்கள். அதோடு, அகலமான டயரில் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து இன்னும் உள்ளே தள்ளிப்போவதால், அதே வேகத்தில் அதே வளைவை எடுக்க வண்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்கவேண்டும். கனமும் கூடும், சுழலும் இடத்தில் கூடும் கனம், 18 குதிரைத்திறனுக்கு நன்றாகவே தெரியும். ரிம் ஒடுக்கமாக இருந்தால் டயரின் இரு ஓரங்களும் உள்நோக்கி இழுக்கப்பட்டு நடு கூம்பிப் போகும். வாங்கின அகலத்தில் பாதி காற்றில் நிற்கும். ரிம்மின் அகலம் ஸ்போக்கின் பக்கத்தில் வார்ப்பிலேயே எழுதியிருக்கும். டயர் நிறுவனத்தின் அட்டவணையில் அந்த டயருக்கு எந்த ரிம் அகலம் என்று பார்த்துப் பொருத்துங்கள். இதெல்லாம் பார்த்தபின்பும் 150 வேண்டும் என்றால், அது பார்க்கிங்கில் நிற்கும்போது அழகாக இருப்பதற்குத்தான்.

முன் டயர் கதை வேறு. 100/80-இலிருந்து 110/70-க்குப் போனால் ஆரத்தில் 3 மிமீதான் குறையும். நல்ல ஸ்போர்ட் டயர்கள் பெரும்பாலும் 110/70-இல் வருவதால், ரிம் அகலமும் ஃபெண்டர் இடைவெளியும் இடம் கொடுத்தால் இந்த மாற்றம் பரவாயில்லை. விதி அனுமதிக்கிறதா என்பது தனிக்கேள்வி. முன்பக்கம் 3 மிமீ இறங்குவதால் வண்டி திரும்புவது கொஞ்சம் கூர்மையாகும். அதைப் பெரும்பாலும் நல்லதாகவே உணர்வீர்கள்.

டயர் பக்கத்தில் எழுதியிருப்பதில் மூன்றைப் படித்தால் போதும். வேகக் குறியீடு: பி என்றால் 150 கிமீ, எஸ் 180, எச் 210, வி 240, டபிள்யூ 270. 150 சிசி வண்டிகளின் முன் டயர்களில் பி என்றே பார்க்கலாம்; வேகத்துக்கு அது போதும், ஆனால் கடும் ப்ரேக்கிங்கில் நெளியும் கார்கஸ் அது. சுழலும் திசைக்கான அம்புக்குறி இரண்டாவது. மூன்றாவது நாலிலக்கத் தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ரேஸ் டயரில் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் யோசியுங்கள். அதைவிட, எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்பது முக்கியம். வெயில் படும் கண்ணாடி ஷோகேஸில் ஆறு மாதம் நின்ற டயர், இருட்டு குடோனில் இரண்டு வருடம் கிடந்ததைவிட மோசமாக இருக்கும்.

மாட்டும்போது

பஞ்சர் கடை கம்பியால் நெம்பி மாட்டாதீர்கள். மென்மையான பீட் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) கிழியும், ரிம் விளிம்பு நசுங்கும், அங்கிருந்து மெல்ல ஏர் கசியும். டயர் சேஞ்சர் மெஷினும் வீல் பேலன்ஸிங்கும் உள்ள கடைக்குப் போங்கள். பீட்டுக்கு சோப்புத் தண்ணீர் அல்லது அதற்கான பேஸ்ட். கிரீஸும் ஆயிலும் கூடவே கூடாது, முதல் கடும் ப்ரேக்கில் ரிம் டயருக்குள் சுற்றிக்கொள்ளும். பீட் உட்கார ஏற்றும் ஏர் 50 பிஎஸ்ஐயைத் தாண்டவேண்டாம். அதற்குள் உட்காரவில்லையென்றால் ஏரை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவித் தொடங்கவேண்டும். உட்கார்ந்தபின் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் வேகத்தில் ஹேண்டில் துடிக்கும்.

வால்வைப் புதிதாக மாற்றுங்கள். ரப்பர் தண்டு வால்வு அதிவேகத்தில் மைய விலக்கு விசையால் வளையும். உலோக வால்வு நல்லது. மூடி கட்டாயம் உலோகத்தில், உள்ளே ரப்பர் வாஷரோடு. வேகத்தில் வால்வு ஊசி டயர்ப் பக்கமாகத் தள்ளப்பட்டுத் திறந்து ஏர் கசிவதைத் தடுப்பது அந்த மூடிதான். பேலன்ஸ் எடைகளின் மேல் டேப் ஒட்டுங்கள். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் செயின் நேர்கோட்டையும் தளர்வையும் சரிபார்த்து, ஆக்ஸில் நட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு முறுக்குங்கள்.

புது டயரை முதல் செஷனிலேயே விரட்டக்கூடாது. மேல்தோல் மொழுமொழுவென்றிருக்கும். மூன்று நாலு லேப் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ப்ரேக்கையும் த்ராட்டிலையும் மென்மையாகப் பிடித்து, ஓரம் வரை தோல் உரியட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை. டயருக்குத் தேவை மேற்பரப்பில் கீறல் மட்டுமில்லை, உள்ளே கார்கஸ் ஒருமுறை நன்றாக நெளிந்து சூடாகி ஆறவேண்டும்.

ஏர்

இதில்தான் பெரும்பாலோர் நேரத்தை இழக்கிறார்கள், செலவோ ஒரு நல்ல கேஜ் மட்டும்தான். வண்டி மேனுவலில் உள்ள அளவு சாலைக்கு. பின்னால் ஆள் உட்கார்ந்து, பள்ளத்தில் இறங்கி, மைலேஜும் கொடுக்கவேண்டும் என்று கணக்குப் போட்டது. ட்ராக்கில் அதைவிடக் குறைவாகத் தொடங்கவேண்டும், ஏனென்றால் ஓட ஓட ஏர் கூடும்.

எவ்வளவு கூடும்? குளிர்ந்த டயரில் கேஜ் 28 பிஎஸ்ஐ காட்டுகிறது என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தம் 14.7 சேர்த்தால் உண்மையான அழுத்தம் 42.7. நிழலில் 30 டிகிரியில் இருந்த உள்காற்று, ஓடியபின் 60 டிகிரி ஆகிறது. கெல்வினில் 303 என்பது 333 ஆகிறது, பத்து சதவீதம். 42.7 என்பது 46.9 ஆகும். வளிமண்டலத்தைக் கழித்தால் கேஜில் 32.2. ஆக, நாலு பிஎஸ்ஐக்குச் சற்று மேல். உள்காற்று 70 டிகிரிக்குப் போனால் ஐந்தரை.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு கருவி கிடைக்கிறது. ஓடிவந்தபின் இரண்டு பிஎஸ்ஐ மட்டும் கூடியிருந்தால் டயர் சூடாகவில்லை: ஏர் அதிகம், அல்லது காம்பவுண்ட் உங்கள் வேகத்துக்குக் கடினம், அல்லது இன்னும் வேகமாக ஓட்டவேண்டும். ஆறேழு கூடியிருந்தால் அளவுக்கு மீறி நெளிகிறது: தொடக்க ஏர் குறைவு, அல்லது டயரின் திறனைத் தாண்டிவிட்டீர்கள். கம்மியாக வைத்தால் கூடுதல் சூடு, கூடுதல் சூட்டால் கூடுதல் அழுத்தம் என்பது முதலில் குழப்பும். இரண்டு முறை குறித்து வைத்துப் பார்த்தால் பிடிபடும்.

நடுப்படி ஸ்போர்ட் டயர் போட்ட ஆர்15-க்கோ 390-க்கோ தொடக்கமாக, டயர் குளிர்ந்திருக்கும்போது முன்னும் பின்னும் 28 வையுங்கள். ஐந்தாறு லேப் முழு வேகத்தில் ஓட்டி, குளிர்விக்கும் லேப் போடாமல் பிட்டுக்குள் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அளக்கவேண்டும். 31-லிருந்து 33-க்குள் இருந்தால் நல்ல இடம். அங்கிருந்து ஒரு நேரத்தில் ஒரு பிஎஸ்ஐ, ஒரே சக்கரத்தில் மட்டும் மாற்றி, அடுத்த செஷனில் வித்தியாசம் பாருங்கள். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. முன்னால் மிகவும் குறைத்தால் ப்ரேக் பிடிக்கும்போது ஹேண்டில் கனத்து, வண்டி உள்ளே விழ மறுக்கும். மிகவும் கூட்டினால் சின்னச் சின்ன மேடுகளில் தத்தும். பின்னால் குறைத்தால் வளைவில் வால் ஆடும், கூட்டினால் வெளிவாயிலில் சறுக்கும்.

ரேஸ் டயருக்கு இந்த எண்கள் பொருந்தாது. அதற்கு நிறுவனம் தனி அட்டவணை கொடுக்கும்; சூடான நிலையில், வார்மரிலிருந்து எடுத்த உடன் என்று குறிப்பிட்டிருக்கும். பின் டயருக்கு அதில் உள்ள எண் சாலைக்காரர்களுக்கு அதிர்ச்சியாக, முப்பதுக்கு நன்றாகக் கீழே இருக்கலாம். அதற்கேற்ற விறைப்பான கார்கஸ் அது. அந்த எண்ணைப் பார்த்துச் சாலை டயரில் அதே அளவுக்கு இறக்கினால் டயர் ரிம்மில் நெளிந்து, சூட்டில் ரப்பர் கொப்பளிக்கும்.

காலையில் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. காலை 26 டிகிரியில் 28 வைத்தது, மதியம் 36 டிகிரியில் வண்டி நின்ற இடத்திலேயே 29.4 ஆகியிருக்கும். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் இன்னும் கூடும். நிழலில் நிறுத்தி, ஒரே கேஜில் அளக்கவேண்டும். பெட்ரோல் பங்க் கேஜும் உங்கள் கேஜும் இரண்டு பிஎஸ்ஐ முரண்பட்டால் யார் சரி என்பது முக்கியமில்லை, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் வேண்டுமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். சாதாரணக் காற்றிலும் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். வித்தியாசம் செய்வது ஈரப்பதம். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீர் டயருக்குள் போனால் சூட்டில் ஏர் ஏறுவது கணக்குக்கு அடங்காது. தண்ணீர் வடித்த கம்ப்ரசர் போதும்.

வார்மர் ரேஸ் டயருக்குத்தான் தேவை. 80 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பத்து நிமிடம் போர்த்தினால் தோல் மட்டும் சுடும், ரிம்மும் உள்காற்றும் குளிர்ந்தே இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். பிட்டில் ப்ளக் பாயிண்ட் கிடைக்குமா, ஜெனரேட்டர் தூக்கவேண்டுமா என்று முன்பே கேளுங்கள். சாலை டயருக்கு வார்மர் போடுவதால் லாபம் குறைவு, அது தானாகவே ஒன்றரை லேப்பில் சூடாகும்.

ரப்பரைப் படிப்பது

பிட்டுக்கு வந்ததும் ஏர் அளந்த கையோடு டயரைப் பாருங்கள். குளிர்விக்கும் லேப் போட்டிருந்தால் தரையில் கிடக்கும் ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருக்கும். அது உங்கள் டயரின் தேய்மானம் இல்லை, சுரண்டி எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். கீழே தெரியும் பரப்பு மங்கலான கறுப்பில், நுண்ணிய சொரசொரப்போடு, நடுவிலிருந்து ஓரம் வரை சீராக இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

தோலில் ஆழமான கிழிசல்கள், ரப்பர் துண்டுதுண்டாகப் பிய்ந்து வந்ததுபோல் இருந்தால் அது குளிர்க்கிழிசல். மேற்பரப்பு சுடுகிறது, உள்ளே கார்கஸ் ஆறியே இருக்கிறது. தோல் சறுக்கிச் சறுக்கிக் கிழிகிறது. ஏர் அதிகம், காம்பவுண்ட் கடினம், அல்லது சூடேறும் முன்பே விரட்டியிருக்கிறீர்கள். ஏரை ஒன்று குறைத்துப் பாருங்கள். மேலோட்டமான, நெருக்கமான சிறு கிழிசல்கள், அவற்றின் விளிம்புகள் உருகி உருண்டதுபோல் இருந்தால் அது சூட்டுக்கிழிசல்: உள்ளேயும் சூடு மிஞ்சிவிட்டது, ஏர் குறைவு அல்லது காம்பவுண்ட் மென்மை. ஏரை ஒன்று கூட்டுங்கள். இரண்டும் சட்டென்று பார்த்தால் ஒன்றுபோல் தெரியும், மருந்தோ நேர்மாறு. அதனால்தான் சூட்டில் எவ்வளவு ஏர் கூடியது என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்வது; குழப்பம் வந்தால் எண்ணை நம்புங்கள்.

எண்ணெய் பூசியதுபோல் நீலமாக மினுமினுத்தால் சூடு கூடி ரப்பரிலுள்ள எண்ணெய் வெளியே வந்திருக்கிறது. நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், பல நல்ல டயர்களும் லேசாக நீலம் காட்டும். சிறு கொப்புளங்கள் வெடித்துக் குழிகளாக இருந்தால் பேச்சே இல்லை, அந்த டயரின் கதை முடிந்தது.

ஏரை எப்படி மாற்றினாலும் போகாத கிழிசல் உண்டு. பள்ளத்தின் ஒரு விளிம்பு மட்டும் கூராக நிமிர்ந்தும் மறு விளிம்பு அரித்தும் இருக்கும். அது பெரும்பாலும் சஸ்பென்ஷன் அல்லது வண்டியின் உயரக் கணக்கு. ரீபவுண்ட் (அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப விரிவது) வேகமாக இருந்தால் சக்கரம் தரையை விட்டுவிட்டுத் தொடும். ஆர்15-இல் ரீபவுண்ட் அட்ஜஸ்டர் கிடையாது. ஃபோர்க் ஆயிலின் கனத்தை மாற்றுவதும் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் தொடக்க இறுக்கத்தை) சரிசெய்வதும்தான் வழி, விதி விடும் அளவுக்கு. பின் ஷாக் தளர்ந்துபோன வண்டியில் சூப்பர்கோர்ஸா போட்டுப் பணத்தைத் தேய்க்கிறவர்களை எந்த ட்ராக் டேயிலும் பார்க்கலாம்.

கடிகாரத் திசையில் ஓடும் ட்ராக்கில் வலது வளைவுகள் அதிகம். வலதுபக்க ரப்பர் முதலில் தீரும், அது பரவாயில்லை. ஆபத்து இடதில் இருக்கிறது. தொடர்ந்து வலதுகள் வந்தபின் வரும் இடது வளைவுக்குள் நுழையும்போது அந்தப் பக்கம் ஆறிப்போயிருக்கும். காலை முதல் செஷனிலும் சேஃப்டி கார் வெளியேறியபின் வரும் லேப்பிலும் அங்கேதான் வண்டிகள் படுக்கின்றன. டயரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. இடது வளைவுகளில் மூன்று லேப் பொறுமையாக இருக்கவேண்டும். பெரிய ரேஸ் உலகில் இதற்காகவே இரு பக்கத்துக்கும் வேறு வேறு காம்பவுண்ட் வைத்து டயர் செய்கிறார்கள். நம் அளவில் அதெல்லாம் கிடைக்காது.

ஒரு செட் எப்போது முடிந்தது என்பதற்குப் பள்ளத்தின் ஆழம் மட்டும் அளவுகோல் ஆகாது. நல்ல லேப் நேரத்தை அதே வானிலையில் மறுபடி எட்ட முடியவில்லை, ஏர் சரியாக இருந்தும் சறுக்கல் முன்பைவிடச் சீக்கிரம் தொடங்குகிறது, நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல்லாக இருக்கிறது என்றால் ரேஸுக்கு அது முடிந்தது. பயிற்சிக்கு இன்னும் கொஞ்சம் ஓடும். செஷன் எண்ணிக்கையை டயரின் பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியிலோ மார்க்கரிலோ கோடு போட்டுக் குறித்துவந்தால், வாங்கும் அடுத்த செட்டுக்கு எவ்வளவு ஆயுள் என்று தெரிந்துவிடும்.

மழை

சென்னையில் அக்டோபருக்கு மேல் ரேஸ் என்றால் வடகிழக்குப் பருவமழை எப்போது வேண்டுமானாலும் வரும். சூப்பர்கோர்ஸா வகை டயரில் ஈரத்தில் இறங்கவே இறங்காதீர்கள். தண்ணீரை வெளியேற்றப் பள்ளமும் இல்லை, அந்த ரப்பர் சூடாகவும் போவதில்லை. சிறிய வண்டிகளுக்கு அசல் மழை டயர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தரை காய்ந்துவிட்டால் சில லேப்பில் பாளம் பாளமாக உரிந்துவிடும். நடைமுறையில் சிலிக்கா கலந்த நல்ல சாலை டயர்தான் நோவிஸ் ஓட்டுநரின் மழை டயர். ஈரத்தில் டயர் அதிகம் சூடாகாது, ஏர் கூடுவதும் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐதான். ஆகவே வறண்ட நாளில் குளிர்ந்த டயரில் 28 வைப்பவர் மழையில் 30 வைத்துத் தொடங்கலாம். பள்ளங்கள் திறந்து நிற்கவும் அது உதவும்.

பட்ஜெட் எல்லைக்குள் என்ன வாங்குவது என்று கேட்டால் வரிசை இப்படி: முதலில் அரை பிஎஸ்ஐ வரை காட்டும் நல்ல கேஜும், உலோக வால்வு மூடிகளும். பிறகு விதி அனுமதிக்கும் அளவில், 140/70-ஐ மாற்றாமல், ஸ்போர்ட் சாலை டயர் ஒரு செட். பிறகு மிச்சப் பணத்தில் ட்ராக் நேரம். அடுத்த செலவு பழைய ரிம் ஒரு ஜோடி. அதில் இப்போது வண்டியில் உள்ள டயரை மாட்டி வைத்தால் மழைக்கும் ஆயிற்று, ட்ராக்கில் பஞ்சரானால் அன்றைய நாள் வீணாகாமலும் இருக்கும். வார்மரும் ரேஸ் டயரும் ஒன்றாகத்தான் வாங்கவேண்டும், அதுவும் நடுப்படி டயர் உங்கள் வேகத்தைத் தாங்கவில்லை என்று ஏர் குறிப்பேடு காட்டிய பிறகு.